கள்ளனும் நாங்களும் சட்டமும்

1996ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஓர் அதிகாலை, கார்ல்ஸ்ரூஹேயில் நாங்கள் ஒரு கள்ளனைப் பிடித்தோம். பிடித்த அன்று எங்களுக்குப் பெரிய பெருமை. மூன்று கிழமை கழித்துப் பொலிசிலிருந்து வந்த கடிதத்தைப் பிரித்தபோது அந்தப் பெருமை பறந்துவிட்டது. கள்ளன் மேல் ஒரு வழக்கு, எங்கள் மேல் ஒரு வழக்கு. இரண்டில் எங்கள் மேல் இருந்ததுதான் பாரதூரமானது.

இந்தக் கதையை இத்தனை வருடமாக நாங்கள் வெளியில் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். அண்மையில் ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு தம்பி, தன் கடையில் களவெடுத்த பையனைப் பின்னறைக்குக் கொண்டுபோய் "நல்லாய்ச் சாத்தி அனுப்பினனான்" என்று சொன்னார். சுற்றியிருந்தவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இனியும் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

அப்போது நாங்கள் நால்வர் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணன் தம்பி இருவர், அவர்களுடைய மச்சான், ஊரவர் ஒருவர். டுர்லாக்கர் அலே வீதிக்குக் கிட்ட, மூன்றாம் மாடியில் இரண்டு அறை. எங்களில் ஒருவருக்குத்தான் வதிவிட அனுமதி கிடைத்திருந்தது. மற்ற மூவரும் 'டுல்டுங்' என்ற தற்காலிகக் கடதாசியோடு, அதைப் புதுப்பிக்க அடிக்கடி அலுவலகப் படி ஏறுகிறவர்கள். இருவர் விடியப்புறம் வீடு வீடாகப் பத்திரிகை போட்டோம். அந்த வேலைக்கு இரண்டு பழைய சைக்கிள்கள். சைக்கிளின் முன்னோடியான ஓடும் வண்டியை 1817இல் ஓட்டிக் காட்டிய கார்ல் டிரைஸ் பிறந்தது இதே கார்ல்ஸ்ரூஹேயில்தான். அவருக்குக்கூட அவருடைய வண்டி அவ்வளவு பெறுமதியாய் இருந்திருக்குமோ தெரியாது. எங்களுக்கு அந்தச் சைக்கிள் போனால் வேலையும் போய்விடும்.

அன்று மூன்றரை மணிக்கு இருவர் கீழே இறங்கினோம். முற்றத்து வாசலில் ஒரு இளைஞன் எங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே போகிறான். வெட்டப்பட்ட சங்கிலி நிலத்தில் கிடந்தது. கத்தினோம். அவன் கையிலிருந்த குறட்டை எங்கள் முகத்துக்கு நேரே வீசினான். ஒருவர் விலகிக்கொண்டு சைக்கிளின் பிடியைப் பற்றி இழுத்தார். மற்றவர் அவனை நெஞ்சில் பிடித்துத் தள்ளினார். அவன் விழுந்து எழும்பி, சைக்கிளை அப்படியே வீதியில் போட்டுவிட்டு ஓடினான். குறடும் அங்கேயே விழுந்தது.

அந்த இடத்தில் நாங்கள் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. சத்தம் கேட்டு மேலே இருந்த இருவரும் சாரத்தோடு ஓடிவந்தார்கள். "விடாதை, பிடி!" என்று கத்திக்கொண்டு நால்வரும் துரத்தினோம். எங்கள் வீட்டு யன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற டிராம் தரிப்பிடத்தில் அவனை மடக்கி, நிலத்தில் அமத்திப் பிடித்தோம். அவன் கை இரண்டையும் விரித்துக் காட்டி ஏதோ சொன்னான். அதற்குப் பிறகுதான் எங்களில் ஒருவர் கையிலிருந்த சங்கிலியால் அவன் முகத்தில் அடித்தார். ஒருமுறையல்ல, மூன்று முறை. மூக்கு உடைந்தது. ஒரு பல்லும் போனது.

அடித்தவர் யார் என்று இங்கே எழுதவில்லை. அன்றிரவு மற்ற மூவரில் ஒருவர்கூட அந்தக் கையைப் பிடிக்கவில்லை. ஆகவே நாங்கள் அடித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊரில் கள்ளன் பிடிபட்டால் என்ன நடக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். மரத்தில் கட்டிவைத்து, வருகிறவர் போகிறவர் எல்லாம் ஒரு அடி. அதை யாரும் குற்றமாக நினைத்ததில்லை. 1980களின் நடுப்பகுதியில் மின்கம்பங்களில் கட்டப்பட்டவர்களையும் எங்கள் தலைமுறை கண்டது. கள்ளன் என்று ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டால் போதும், வேறு விசாரணை கிடையாது. அப்படிப் பழகிய கண்ணோடுதான் நாங்கள் இங்கு வந்து சேர்ந்தோம்.

கடிதம் வந்தபின் ஒரு அகதிகள் ஆலோசனை நிலையம் மூலமாக ஒரு பெண் சட்டத்தரணியிடம் போனோம். ஒரு தமிழ் அக்கா மொழிபெயர்த்தார். சட்டத்தரணி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் ஒரு கோடு கீறினார். "சைக்கிள் வீதியில் விழுந்த நேரம் இந்தக் கோடு. இதற்கு முன்னால் நீங்கள் செய்தது எல்லாம் உங்கள் உரிமை. இதற்குப் பின்னால் நடந்ததைப் பற்றித்தான் கதைக்க வேண்டும்" என்றார்.

அவர் அன்று விளக்கியதை எங்களுக்கு விளங்கிய அளவில் எழுதுகிறோம்.

ஜேர்மன் குற்றவியல் சட்டத்தின் 32ஆம் பிரிவுக்கு 'நோட்வேர்' என்று பெயர். ஆபத்து வேளையில் தடுத்துக்கொள்வது என்று பொருள். உங்கள் மேலோ இன்னொருவர் மேலோ நியாயமற்ற தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது, அதை நிறுத்தத் தேவையான அளவு நீங்கள் எதிர்க்கலாம். தாக்குதல் என்றால் உடம்பின் மேல் மட்டுமல்ல. வீடு, பொருள் ஆகியவற்றின் மேல் நடப்பதும் தாக்குதல்தான். கள்ளன் பொருளோடு ஓடிக்கொண்டிருந்தாலும் தாக்குதல் முடிந்துவிடவில்லை. துரத்திப் பறிக்கலாம். நீங்கள்தான் ஒதுங்கிப் போக வேண்டும் என்று இந்தச் சட்டம் பொதுவாகக் கேட்பதில்லை. சட்டத்தரணி அதை ஒரு பழைய வாசகமாகச் சொன்னார்: நீதி அநீதிக்கு வழிவிடத் தேவையில்லை.

இதைக் கேட்டு நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். "டுல்டுங் ஆட்களுக்குமா?" என்று கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. "இந்தப் பிரிவில் கடவுச்சீட்டு என்ற சொல் இல்லை" என்றார்.

அந்த வாசகம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு அவர் 1920ஆம் ஆண்டு வழக்கு ஒன்றையும் சொன்னார். தன் பழமரங்களை இரவில் காவல் காத்த ஒருவர், பழம் களவெடுத்துக்கொண்டு ஓடியவர்களை நோக்கிச் சுட்டு, ஒருவனைக் கடுமையாகக் காயப்படுத்தினார். லைப்சிக்கில் இருந்த அன்றைய உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இன்று அப்படி நடக்காது. சிறிய பொருளுக்காக ஒரு உயிரை எடுக்கும் அளவு பொருத்தமில்லாத எதிர்ப்பை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. எதிரே நிற்பவன் சிறுபிள்ளையாகவோ நிலைதடுமாறிய வெறிகாரனாகவோ இருந்தால் முடிந்தவரை விலகிப் போகவே சட்டம் எதிர்பார்க்கிறது.

"அப்படியென்றால் பிடித்தது பிழையா?" என்று மச்சான் கேட்டார். பிடித்ததும் பிழையில்லையாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127ஆம் பிரிவின்படி, கையும் களவுமாக அகப்பட்டவன் தப்பி ஓடப் பார்த்தால், அல்லது அவன் யாரென்று உடனே அறிய முடியாவிட்டால், யாரும் பிடித்து வைத்திருக்கலாம். பொலிஸ் வரும்வரை பிடித்து வைத்திருப்பதற்கே அந்த உரிமை. தண்டனை கொடுப்பதற்கு இல்லை. கை இரண்டையும் விரித்துக் காட்டியவன் மேல் விழுந்த சங்கிலிக்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "அடித்தபோது பயந்திருந்தீர்களா?"

ஏன் கேட்டார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். தற்காப்பில் எல்லை மீறியவர் குழப்பத்தாலோ, பயத்தாலோ, திகிலாலோ மீறியிருந்தால் 33ஆம் பிரிவின்படி தண்டனை இல்லை. கோபம் அந்தப் பட்டியலில் இல்லை. மொழிபெயர்த்த அக்கா இதைத் தமிழில் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். பயம் என்ற ஒரு சொல்லைச் சொன்னால் ஒருவேளை தப்பலாம் என்று எங்கள் எல்லோருக்கும் விளங்கிற்று. குற்றவாளி என்று பதிந்தால் வதிவிட விசயத்தில் என்ன ஆகும் என்பதும் தெரியும். அடித்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இல்லை அக்கா. எனக்கு ஆத்திரம். அவனில் மட்டும் வந்த ஆத்திரமும் இல்லை" என்றார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்குத் தெரியும். 1983 யூலையில் கொழும்பில் அவர்களுடைய தகப்பனாரின் கடை எரிந்தது. பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அடித்தவர் அப்போது சிறுபையன், அடுத்த வீட்டு மதிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்து எல்லாவற்றையும் கண்டவர்.

இலங்கையில் அப்போது சட்டம் இல்லாமல் இல்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையில் 89ஆம் பிரிவிலிருந்து 99ஆம் பிரிவுவரை தற்காப்பு உரிமையைப் பற்றித்தான் இருக்கிறது. வெள்ளைக்காரர் 1860இல் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்தைப் பார்த்து எழுதியது. இந்தியாவில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2024 யூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோதும், இந்த உரிமை 34ஆம் பிரிவு முதல் 44ஆம் பிரிவு வரை அப்படியே இடம்பெற்றது. குடியிருக்கும் வீட்டுக்கு நெருப்பு வைக்கிறவனை எதிர்க்கும்போது அவன் உயிர் போனாலும் குற்றமில்லை என்கிற அளவுக்கு அந்தப் பிரிவுகள் இடம் கொடுக்கின்றன. கடதாசியில் பார்த்தால் 1983இல் எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு உரிமை! ஆனால் தெரு நிறைய வரும் கூட்டத்துக்கு முன்னால் ஒரு கடைக்காரர் எந்தப் பிரிவைத் தூக்கிக் காட்டுவது? பொலிசுக்குப் போக நேரமிருந்தால் போக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போவது?

எங்களுக்கு இருந்த ஒரே தற்காப்பு ஓடுவதுதான். ஓடித்தான் இங்கு வந்தோம்.

இந்த நகரத்தில் அதைப் பற்றியும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஜேர்மனியின் உச்ச நீதிமன்றங்கள் இரண்டு கார்ல்ஸ்ரூஹேயில்தான் இருக்கின்றன. 1950இலிருந்து குற்றவியல், உரிமையியல் வழக்குகளின் கடைசிப் படியான நீதிமன்றம். 1951இலிருந்து அரசியலமைப்பு நீதிமன்றம். அரண்மனைக்குப் பக்கத்தில் கண்ணாடி வைத்துக் கட்டிய அந்த அரசியலமைப்பு நீதிமன்றத்தில், 1989 யூலை 10ஆம் திகதி ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டது. அதைத் 'தமிழர் தீர்ப்பு' என்றே சட்டத்தரணிகள் அழைக்கிறார்கள். எங்கள் அகதி விண்ணப்பங்களுக்கு வந்த பதில்களிலும் அது எடுத்துக்காட்டப்பட்டிருந்தது. அதன் ஒரு பக்கம் எங்களுக்குக் கசப்பானது. நாட்டின் இன்னொரு பகுதியில் பாதுகாப்பாக வாழ முடியுமென்றால் இங்கே அரசியல் தஞ்சம் இல்லை என்றது. கொழும்பில் இருக்கலாமே என்று எங்களில் எத்தனை பேருக்கு நிராகரிப்புக் கடிதம் வந்தது! மறுபக்கம் இப்போதும் எங்களை யோசிக்க வைக்கிறது. குடிமகனுக்கு அமைதியையும் பாதுகாப்பையும் தருவதுதான் அரசு, அந்தக் காப்புக்கு வெளியே ஒருவரை அரசே தள்ளிவிடும்போதுதான் அவர் துரத்தப்பட்டவர் ஆகிறார் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

தற்காப்பு உரிமையும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது என்று இப்போது எங்களுக்கு விளங்குகிறது. அரசு எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் நிற்க முடியாது. அது வந்து சேரும்வரை உள்ள இடைவெளியில் உன் கையை நீ பாவிக்கலாம். வந்து சேரும் என்ற நம்பிக்கையில்தான், ஆபத்து முடிந்ததும் கையை இறக்கு என்று சட்டம் கேட்கிறது. பொலிஸ் வரும் என்று ஒருநாளும் நம்பிப் பழகாத எங்களுக்கு எங்கே நிறுத்துவது என்பது தெரியவில்லை. இதை ஒரு சாட்டாகச் சொல்லவில்லை. அந்தப் பையனின் மூக்கை உடைத்தது 1983ஆம் ஆண்டு அல்ல, நாங்கள்தான்.

இனிக் கீழ்வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாம் மாடியில் ஒரு வயதான ஜேர்மன் அம்மா தனியாக இருந்தார். நாங்கள் 'ஓமா' என்று கூப்பிடுவோம், பாட்டி என்று பொருள். அவருடைய சாமான் பைகளை நாங்கள் மேலே தூக்கிக் கொடுப்போம், அவர் எங்களுக்குக் கேக் தருவார். அன்று அதிகாலை அவர் யன்னலில் நின்று எல்லாவற்றையும் கண்டிருக்கிறார். எங்களுக்குச் சாதகமாகத்தான் சொல்வார் என்று நம்பியிருந்தோம். கோப்பைப் பார்த்த சட்டத்தரணி, சைக்கிள் விழுந்த பிறகுதான் அடித்தார்கள், பையன் கையைத் தூக்கிவிட்டான் என்று அவர் சொல்லியிருப்பதாக எங்களிடம் சொன்னார். எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அதே வாக்குமூலத்தில், முதலில் குறட்டை வீசியது பையன்தான் என்றும் அவர் சொல்லியிருந்தார். பையன் அதை மறுத்திருந்தான். ஓமா கண்டிராவிட்டால் கோட்டுக்கு முன்னால் நடந்ததும் எங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். அது எங்கள் காதில் ஏறவில்லை. இரண்டு மாதம் அவருக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஒருநாள் படியில் அவரே மறித்தார். மெதுவாக, எங்களுக்கு விளங்கும் சொற்களில் பேசினார். "நான் கண்டதைத்தான் சொன்னேன். உங்கள் கதவுக்கு யாராவது வந்தாலும் கண்டதைத்தான் சொல்வேன்."

கதவுக்கு யாராவது வருவது அந்த வருடங்களில் வெறும் பேச்சல்ல. 1991இல் ஹொயர்ஸ்வெர்டா, 1992இல் ரொஸ்ரொக். அதே 1992இல் எங்களுக்குக் கிட்டவே மன்ஹைம் சேனாவில் அகதிகள் விடுதியைக் கூட்டம் சூழ்ந்தது. மொல்னில் மூவரும், 1993இல் சோலிங்கனில் ஐவரும் வீட்டோடு எரிக்கப்பட்டார்கள். எல்லோரும் துருக்கிக் குடும்பங்களின் பெண்களும் சிறுமிகளும். அந்த நாட்களில் நாங்கள் படுக்கும்போது வாளியில் தண்ணீர் நிரப்பி வாசலில் வைப்போம்.

1997 மாசி மாதம் ஓரிரவு அது எங்களிடமும் வந்தது. மூன்று நான்கு பேர் குடித்துவிட்டு மாடிப்படி ஏறிவந்து, எங்கள் கதவை உதைத்து வெளிநாட்டவரே வெளியே போ என்று கத்தினார்கள். அண்ணன் கையில் சுத்தியல். அவர்கள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தால் எதிர்க்க எங்களுக்கு உரிமை உண்டு என்று இப்போது தெரியும். கதவைத் திறந்துகொண்டு நாங்களாகப் பாய்ந்தால் கதை வேறு என்பதும் தெரியும். திறக்கவில்லை. மேசையைக் கதவோடு தள்ளி வைத்துவிட்டு 110ஐ அழைத்தோம். எங்களுக்கு முன்பே கீழேயிருந்து ஒருவர் அழைத்துவிட்டார் என்றார்கள். சில நிமிடத்தில் பொலிஸ் வந்தது. எங்களுக்காகப் பொலிஸ் வந்து நாங்கள் கண்டது அதுதான் முதல் தடவை. வந்தவர்கள் அவர்களைக் கொண்டுபோனார்கள். ஓமா இரவு உடுப்போடு படியில் நின்று தான் கண்டதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்தநாள் நால்வரும் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

எங்கள் வழக்கு 600 மார்க் கட்டும் நிபந்தனையோடு முடித்து வைக்கப்பட்டது. குற்றவாளி என்ற பதிவு இல்லை. ஆறு தவணையில் நால்வரும் பங்கு போட்டுக் கட்டினோம். அந்தச் சைக்கிளின் விலை அதில் பத்தில் ஒன்றும் வராது.

பிற்காலத்தில் இப்படியான வழக்குகளைப் பத்திரிகையில் கண்டால் நாங்கள் விடாமல் வாசிப்போம். 2010 மார்கழியில் வடக்கே சிற்றன்சன் என்ற ஊரில் இளைஞர்கள் ஐவர் ஒரு முதியவரின் வீட்டில் கொள்ளையடிக்கப் புகுந்தார்கள். அவர் சுட்டதில் ஓடிக்கொண்டிருந்த 16 வயதுப் பையன் முதுகில் குண்டு பட்டு இறந்தான். 2014இல் நீதிமன்றம் முதியவருக்கு ஒத்திவைக்கப்பட்ட ஒன்பது மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அதே 2010இல் அன்ஹவுசன் என்ற ஊரில் ஒருவர், தன்னைக் கொல்ல எதிரிக் கும்பல் விடியற்காலையில் கதவை உடைக்கிறது என்று நம்பிக் கத்தினார். பதில் வரவில்லை. கதவூடாகச் சுட்டார். இறந்தவர் வீட்டைச் சோதனையிட வந்த பொலிஸ்காரர். முதல் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியது. 2011இல் கார்ல்ஸ்ரூஹே நீதிமன்றம், உண்மையாகவே தாக்குதல் என்று அவர் நம்பியிருக்கிறார் என்று கூறி, அந்த உயிரிழப்புக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. சட்டம் விடுவித்தாலும் போன உயிர் போனதுதான். இரண்டு வழக்கிலும் நீதிபதிகள் பார்த்தது அந்த ஒரு கணத்தைத்தான்: கையை ஓங்கிய நேரத்தில் ஆபத்து நடந்துகொண்டிருந்ததா, அப்படி நம்ப நியாயம் இருந்ததா?

அன்பான வாசகர்களே, நாங்கள் சட்டம் படித்தவர்கள் அல்ல. பட்டதைத்தான் சொல்கிறோம். உங்கள் மேலோ, பக்கத்தில் நிற்பவர் மேலோ யாரும் கை வைத்தால், வீட்டுக்குள் புகுந்தால், பொருளைப் பறித்தால் தலை குனிந்து போக வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. அகதி என்றபடியால் உங்கள் உரிமை குறைந்துவிடாது. ஆபத்து முடிந்ததும் கையை இறக்குங்கள். 110ஐ அழையுங்கள். கண்டவர்களின் பெயரைக் கேட்டு வையுங்கள். உங்கள் மேலே முறைப்பாடு வந்தால் சட்டத்தரணியைக் காணும்வரை பேசாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பிறந்தநாள் விழாவில் கண்ட அந்தத் தம்பியிடம் பிறகு தனியாக இதையெல்லாம் சொன்னோம். "கள்ளனுக்கு வக்காலத்தோ அண்ணை?" என்று கேட்டார். கள்ளனுக்கு இல்லை தம்பி, உமக்குத்தான் என்றோம். கையில் ஒன்றும் இல்லாமல் நாலு பேருக்கு நடுவில் நிற்கிறவன் யாராய் இருந்தாலும் அவனை அடிக்கக்கூடாது என்று இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. அப்படி நின்றவர்கள் நாங்கள். அந்தச் சட்டம் எங்களுக்குத்தான் முதலில் தேவை.